பிரிப்பதா, பூட்டி வைப்பதா, ஊற்றி மூடுவதா: அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலை நின்ற பிறகு

2022 ஜூலையில் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் மேக்னாக்ஸ் மறுசெயலாக்க ஆலை கடைசி எரிபொருளைக் கரைத்து முடித்தது. 1964 முதல் ஓடி, ஏறத்தாழ 55,000 டன்னைக் கையாண்ட ஆலை அது. அதே வளாகத்தில் தோர்ப் என்ற இன்னொரு மறுசெயலாக்க ஆலை 2018 நவம்பரிலேயே நின்றுவிட்டது. பிரான்சில் மார்கூலின் யுபி1 ஆலை 1997இல் ஓய்ந்தது. ஜப்பானின் டோக்காய் ஆலையை மூடுவதென்று 2014இல் முடிவானது.

ஓடிய காலத்தில் இவற்றின் வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான். எரிந்து முடிந்த எரிபொருளை நறுக்கிச் சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். மண்ணெண்ணெய் வகைத் திரவத்தில் 30 சதவீதம் டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த கரைப்பான் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அணுப் பிளவில் உண்டான கதிரியக்கக் கழிவு, அதாவது பிளவுப் பொருள்கள், அமிலத்திலேயே தங்கும். ஆலைக்காரர்கள் அந்த வேதிப்பொருளை டிபிபி என்பார்கள், முறையின் பெயர் பியூரெக்ஸ்.

நின்ற பிறகுதான் வழிகள் பிரிகின்றன. முதல் வழி, நிறுத்திய கையோடு கழுவி, குழாய் குழாயாகப் பிரித்து, கட்டடத்தைத் தரைமட்டமாக்குவது. இரண்டாவது, ஓரளவு கழுவிப் பூட்டி, காற்றோட்டத்தை மட்டும் ஓடவிட்டு முப்பது ஐம்பது ஆண்டு காத்திருப்பது. மூன்றாவது, உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துச் கிரவுட் எனப்படும் சிமெண்ட் குழம்பு ஊற்றி, மேலே மண்மேடு போட்டு மூடுவது. ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத நான்காவது ஒன்றும் உண்டு: கழுவித் துப்புரவாக்கி அதே கட்டடத்தைத் திரும்பப் பயன்படுத்துவது. இந்தியாவில் அது நடந்திருக்கிறது.

எந்த வழி நல்லது என்று முழு ஆலைக்கும் ஒரே விடை தேடுவதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. ஆலை ஒரே கட்டடமாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஐம்பது நூறு தனித்தனி அறைகள். ஒவ்வொன்றின் அழுக்கும் வேறு, அந்த அழுக்கு வயதாகும் விதமும் வேறு.

உலைக்கான கணக்கு இங்கே செல்லாது

அணு உலையைப் பூட்டிவைத்துக் காத்திருப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. உலைக்குள் கதிர்வீச்சுத் தொல்லையில் பெரும்பங்கு எஃகில் உண்டான கோபால்ட்-60. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டு. 50 ஆண்டு பொறுத்தால் எழுநூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கனத்த கவசத்துக்குப் பின்னால் நின்று செய்யவேண்டிய வேலை, கையாலேயே செய்யக்கூடிய வேலையாக மாறும்.

மறுசெயலாக்க ஆலையில் கோபால்ட் சில்லறைதான். முன்பகுதி அறைகளில், அதாவது நறுக்கும் இயந்திரம், கரைகலன், முதல் பிரிப்புச் சுற்று, கழிவு ஆவியாக்கி ஆகியவற்றில், ஆட்சி செய்வது சீசியம்-137உம் ஸ்ட்ரான்சியம்-90உம். இரண்டின் அரை ஆயுளும் ஏறத்தாழ 30 ஆண்டு. 50 ஆண்டு காத்திருந்தும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். மேனிபுலேட்டர் (வெளியிலிருந்து இயக்கும் இயந்திரக் கை) இல்லாமல் நுழைய முடியாத அறை அப்போதும் நுழைய முடியாத அறையாகவே இருக்கும்.

பின்பகுதியில், புளூட்டோனியத்தைத் தூய்மையாக்கி ஆக்சைடாக மாற்றும் அறைகளிலும் கையுறை பொருத்திய மூடிய பெட்டிகளிலும், கணக்கு தலைகீழ். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டு; அது காத்திருப்பதால் குறையப் போவதில்லை. அதோடு கலந்து வரும் புளூட்டோனியம்-241 இருக்கிறதே, அதன் அரை ஆயுள் 14 ஆண்டுதான். அது சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. பீட்டா மட்டும் உமிழ்ந்துகொண்டிருந்த ஒன்று, ஆல்ஃபாவும் 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாவும் உமிழும் ஒன்றாக மாறுகிறது, அதுவும் 432 ஆண்டு அரை ஆயுளோடு. 50 ஆண்டில் புளூட்டோனியம்-241இல் பத்தில் ஒன்பது பங்கு இப்படி மாறிவிடும். அமெரிசியம் உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ 70ஆவது ஆண்டில். ஆலை நின்ற மறுவருடம் சாதாரண ரப்பர் கையுறையோடு பிரித்திருக்கக்கூடிய பெட்டிக்கு, ஒரு தலைமுறை கழித்து ஈயக் கவசம் தேவைப்படும். இடையில் கையுறைகள் உளுத்து, கேஸ்கெட்டுகள் காய்ந்து வெடித்து, பெட்டியின் அடைப்பே சந்தேகமாகிவிடும்.

ஆக, "ஆறப்போட்டால் ஆறிவிடும்" என்பது முன்பகுதிக்குக் கொஞ்சம் உண்மை, பின்பகுதிக்கு முழுப் பொய். இதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

எந்த வழிக்கும் முதல் செலவு: கழுவுதல்

நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் குழாயும் கலனும் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்பதுதான் மிச்சச் செலவைத் தீர்மானிக்கிறது. அந்தக் கழுவலை ஆலையை ஓட்டிய ஆட்கள் கையில் இருக்கும்போதே செய்யவேண்டும். எந்தப் பள்ளத்தில் திரவம் தேங்கும், எந்த வால்வு மூடினாலும் கசியும், வரைபடத்தில் இல்லாத எந்தக் குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகிறது என்பதெல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் ஓய்வுபெற்ற பிறகு தேடினால், கிடைப்பது கட்டியபோது வரைந்த தாள் மட்டும்.

முதலில் கரைப்பானை வெளியேற்றவேண்டும். அதில் இருக்கும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் நீர்த்த அமிலத்தில் இறக்கிவிட்டு, கரைப்பானை வடித்து, டிபிபி கலக்காத வெறும் நீர்ப்பித் திரவத்தை ஓட்டி, ஓரங்களில் ஒட்டியிருக்கும் டிபிபியையும் அதன் சிதைவுப் பொருள்களையும் வழித்தெடுக்கவேண்டும். இதில் சோம்பல் கூடாது. டிபிபியின் மிச்சம் சூடான, அடர்ந்த நைட்ரிக் அமிலத்தோடு ஆவியாக்கிக்குள் போனால் 'ரெட் ஆயில்' எனப்படும் கலவை உண்டாகும். 130 டிகிரி செல்சியஸைத் தாண்டவிட்டால் தானே சூடேறி, வாயுவைக் கக்கி வெடிக்கும். ரஷ்யாவின் டோம்ஸ்க்-7இல் 1993 ஏப்ரல் 6 அன்று கலன் வெடித்துக் கட்டடச் சுவரைப் பெயர்த்தது இந்த வகை வினைதான். ஓடும் ஆலையில் வெப்பநிலையை எல்லோரும் கவனிப்பார்கள். நின்ற ஆலையில், "கழுவின தண்ணிதானே" என்ற அலட்சியம் வரும்.

அடுத்தது நீர்த்த நைட்ரிக் அமிலம், பல சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாதிரி எடுத்து, கழுநீரில் எவ்வளவு வருகிறது என்று வரைகோடு போடவேண்டும். கோடு படுத்துவிட்டால் அதே அமிலத்தை இன்னும் பத்துச் சுற்று ஓட்டிப் பயனில்லை. கழிவின் அளவு கூடுவதுதான் மிச்சம். அப்போதுதான் மருந்தை மாற்றவேண்டும். கரைகலனின் அடியிலும் கழிவுத் தொட்டிகளிலும் படியும் சிர்கோனியம் மாலிப்டேட், பாஸ்பேட் போன்ற திடப்பொருள்களை அமிலம் அசைக்காது. சோடியம் ஹைட்ராக்சைடோ சோடியம் கார்பனேட்டோ வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். காரம் ஊற்றும் கலனில் புளூட்டோனியம் மிஞ்சியிருந்தால் அது ஹைட்ராக்சைடாகப் படிந்து ஒரே மூலையில் குவியக்கூடும். அது தொடர்வினை அபாயம். அதனால் அமிலக் கழுவல் முடிந்து, வெளியிலிருந்து நியூட்ரான் எண்ணி, உள்ளே எத்தனை கிராம் தங்கியிருக்கிறது என்று கணக்கிட்ட பிறகே காரம். இரண்டாவது, கார்பனேட் கழுவலுக்குப் பின் நேரே அமிலம் விட்டால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி, நுரை காற்றுக்குழாய் வரை ஏறும். நடுவில் தண்ணீர்க் கழுவல் அவசியம்.

எல்லாம் முடிந்தபின் சீரியம்(4) கலந்த நைட்ரிக் அமிலம் போன்ற முரட்டு மருந்து. எஃகின் மேற்பரப்பையே மெல்லிசாகக் கரைத்து, அதில் ஊறியதையும் சேர்த்து எடுத்துவரும். பற்றவைப்புகளையும் தின்னும். அதற்குப் பிறகு அந்தக் கலனில் எதையும் சேமிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

இதற்கிடையில் ஒரு கேள்வி நிழல்போலக் கூடவே வரும்: கழுவின நீர் எங்கே போகும்? ஆவியாக்கி, பிறகு கழிவைக் கண்ணாடியோடு உருக்கித் திடமாக்கும் கண்ணாடியாக்க ஆலை. காரத்தோடு வரும் சோடியம் எல்லாம் போரோசிலிகேட் கண்ணாடிக்குள் போகவேண்டும். சோடியம் அதிகமானால் கண்ணாடியின் நீடிப்பு கெடும், கலன்களின் எண்ணிக்கை ஏறும். எத்தனை சுற்றுக் காரம் என்பதைக் கழுவும் அணியோடு கண்ணாடியாக்க அணியும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும். மார்கூல் இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்தது: 1978 முதல் ஓடிய ஏவிஎம் கண்ணாடியாக்க ஆலையை, யுபி1 நின்ற பிறகும் கழுநீருக்காக 2012 வரை வைத்திருந்தார்கள்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ கதை இதற்கு நேரெதிர். அங்கிருந்த சோதனை ஆலை 1971 முதல் 1990 வரை சுமார் 200 டன் எரிபொருளைக் கையாண்டது. நின்றபோது சுமார் 60 கன மீட்டர் உயர்நிலை (கதிரியக்கம் மிக அதிகமான) திரவக் கழிவு தொட்டியில் இருந்தது. கையில் கண்ணாடியாக்க ஆலை இல்லை. பெல்ஜியத்துக்கு அனுப்பும் யோசனை நடக்கவில்லை. வளாகத்திலேயே புதிதாக ஒன்று கட்டினார்கள். அது 2009 செப்டம்பரில் தொடங்கி, 2010 நவம்பரில் 140 கண்ணாடிக் கலன்களோடு முடிந்தது. ஓராண்டுச் சொச்ச வேலைக்காக, 60 கன மீட்டர் திரவத்தைக் குளிரூட்டி, காற்றோட்டி, காவல் காத்த காலம் 19 ஆண்டு. இப்போது அந்தக் கண்ணாடியாக்க ஆலையும் பிரிக்கவேண்டிய பட்டியலில்.

உடனே பிரித்தால்

இந்த வழிக்கு எடுத்துக்காட்டு பெல்ஜியத்தின் யூரோகெமிக். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்திய ஆலை. 1966 முதல் 1974 வரை ஓடியது. நின்றவுடன் நான்கைந்து ஆண்டு கழுவினார்கள். பிரிப்பு வேலை 1990ஐ ஒட்டித் தொடங்கியது. முதன்மைக் கட்டடம் 80 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். உள்ளே 106 அறைகள். 2014இல் தரைமட்டமானது.

எட்டு ஆண்டு ஓடியதைப் பிரிக்க இருபத்து நான்கு ஆண்டா என்று தோன்றும். ஒரு அறைக்குள் எட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும். பெரும்பகுதி வேலை கையால் நடந்தது. காற்றுக்குழாய் இணைத்த முழு உடுப்பில் ஆள் உள்ளே போவார். முதலில் சிறிய குழாய்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாழ்ந்த வளைவிலும் சிறு துளையிட்டு, தேங்கியது வடிகிறதா என்று பார்க்கவேண்டும். வறண்டது என்று எழுதிவைத்த குழாயிலும் அரை லிட்டர் நிற்கும். பிறகு வெட்டு. ஹைட்ராலிக் கத்தரி குழாயின் வாயை நசுக்கி மூடிக்கொண்டே வெட்டும், உள்ளிருப்பது சிந்தாது. பிளாஸ்மா டார்ச் வேகம், ஆனால் அதன் புகை, காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கிரைண்டரின் பொறி எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய கரைப்பான் படிந்த மூலையிலோ சிர்கோனியத் தூளிலோ விழுந்தால் தீ.

குழாயும் கலனும் போனபின் சுவர். பெயின்ட் விரிசல், நங்கூர போல்ட், குழாய் சுவரைத் துளைத்த ஸ்லீவ் ஆகிய இடங்களில்தான் அழுக்கு ஆழமாக இறங்கியிருக்கும். சமதளத்தைச் சில மில்லிமீட்டர் சுரண்டினால் போதும். ஸ்லீவைச் சுற்றி உளியால் தோண்டித் தோண்டிப் போகவேண்டும், முடிவு தெரியாது. கடைசியில் ஒவ்வொரு பரப்பையும் ஒருமுறைக்கு இருமுறை அளந்து, சுத்தம் என்று உறுதியான பிறகே வழக்கமான இடிப்பு இயந்திரம் வரும். காரணம் எளிது: இடித்த கான்கிரீட் சாதாரண இடிபாடாக வெளியேறினால் செலவு ஒன்று, கதிரியக்கக் கழிவாகப் போனால் செலவு பல மடங்கு.

இந்த வழியின் நிஜமான குறை வேறு. பிரித்தெடுத்த நீண்ட ஆயுள் ஆல்ஃபா கழிவு (புளூட்டோனியம், அமெரிசியம் ஒட்டியது) எங்கே போகும்? அமெரிக்காவுக்கு நியூ மெக்சிகோவில் உப்புப் பாறைக்குள் 1999 முதல் ஓர் ஆழ்நிலக் கிடங்கு இருக்கிறது. அதுவும் ராணுவத் திட்டக் கழிவுக்கு. மற்ற நாடுகளில் டிரம்மில் அடைத்துக் கட்டடத்துக்குள் அடுக்குவதுதான். "ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாற்றத்தான் இத்தனை கோடியா" என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் அளந்து, எழுதி, சிமெண்டில் பிணைத்து வைத்த டிரம்மும், உள்ளே எத்தனை கிராம் என்று தெரியாத உளுத்த குழாயும் ஒன்றல்ல. பின்பகுதி அறைகளுக்கு இந்த வழியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க முடியாது.

பூட்டி வைத்தால்

ஆண்டுச் செலவு கம்மி என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் பூட்டிவைத்த ஆலை தூங்குவதில்லை. அறைகளுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும், விசிறிகள் இரவு பகலாக ஓடவேண்டும், ஃபில்டர் மாற்றவேண்டும், கூரை ஒழுகினால் அந்த மழைநீரே கதிரியக்கக் கழிவு. மின்கம்பிக்கும் மின்தூக்கிக்கும் தேய்மானம் நிற்பதில்லை.

செல்லாஃபீல்டின் முதல் மறுசெயலாக்க ஆலை பி204, 1952இல் தொடங்கியது. மேக்னாக்ஸ் ஆலை வந்த பிறகு முன்பகுதி மட்டும் வேறு வகை எரிபொருளுக்காக மாற்றியமைக்கப்பட்டது. 1973 செப்டம்பரில் ஒரு கலனின் அடியில் படிந்திருந்த எச்சம், உள்ளே வந்த கரைப்பான் கலந்த திரவத்தோடு வினைபுரிந்து, ருத்தேனியம்-106ஐக் கட்டடத்துக்குள் கக்கியது. 35 பேர் மாசுபட்டார்கள். ஆலை அதோடு சரி. முறையான கடைசிக் கழுவலுக்கு இடமில்லாமல் மூடியது அரை நூற்றாண்டு கழித்தும் செலவு வைக்கிறது. கூரைமேல் நின்ற 61 மீட்டர் புகைபோக்கி இன்றைய நிலநடுக்கத் தரத்துக்குத் தாங்காது. சுற்றிலும் அணுக் கட்டடங்கள் இருப்பதால் வெடிவைத்துச் சாய்க்கவும் முடியாது. தானே ஏறி இறங்கும் மேடையைச் சுற்றிக் கட்டி, கான்கிரீட்டை வைரக் கம்பியால் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள்.

இதைவிடப் பாடம் சொல்வது வாஷிங்டன் மாகாணத்தின் ஹேன்ஃபோர்ட். அங்கே பியூரெக்ஸ் ஆலையின் பழுதான பெரிய கருவிகளை ரயில் பெட்டியில் ஏற்றி, பக்கத்துச் சுரங்கத்துக்குள் தள்ளி அடைத்துவிடுவார்கள். முதல் சுரங்கம் 1956இல் பெரும்பாலும் மரத்தூண்களால் கட்டி மண் போட்டு மூடியது. உள்ளே 8 பெட்டிகள். 2017 மே 9 அன்று கூரையில் ஏறத்தாழ 6 மீட்டருக்கு 6 மீட்டர் உள்ளே சரிந்தது. வெளியே கதிரியக்கம் பரவவில்லை என்பது அதிர்ஷ்டம். அவசரமாக ஐம்பது லாரிக்கு மேல் மண் கொட்டினார்கள், பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் கிரவுட் ஊற்றினார்கள். 28 பெட்டிகள் இருந்த இரண்டாவது சுரங்கத்தில் 2019க்குள் ஏறத்தாழ 30,000 கன மீட்டர் கிரவுட். இரண்டாவது வழியில் காத்திருந்தவர்கள் மூன்றாவது வழிக்குத் தள்ளப்பட்ட கதை இது. தள்ளியது மரத்தின் வயது.

காத்திருப்பைத் திட்டமிட்டுச் செய்வது வேறு விஷயம். டோக்காயின் திட்டம் சுமார் 70 ஆண்டு. மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி யென். மொத்தம் 1,140 டன் மட்டுமே கையாண்ட ஆலைக்கு அது. அதிலும் முதல் வரிசையில் இருப்பது தொட்டியில் உள்ள திரவத்தைக் கண்ணாடியாக்குவது. அதற்கான உருக்கு உலைகளில் அடிக்கடி கோளாறு வந்து அந்த வேலை பலமுறை நின்றிருக்கிறது. திரவம் தொட்டியில் இருக்கும்வரை மின்சாரமும் குளிர்நீரும் நிற்கவே கூடாது. 1957இல் சோவியத் யூனியனின் மாயாக் வளாகத்தில் குளிரூட்டல் கெட்ட கழிவுத் தொட்டி வெடித்ததை இந்தத் துறையில் யாரும் மறப்பதில்லை. திரவத்தை வைத்துக்கொண்டு பூட்டி வைப்பது என்ற ஒன்று கிடையவே கிடையாது.

கிரவுட் ஊற்றி மூடினால்

ஹேன்ஃபோர்டின் யு பிளான்ட் இதற்கு முன்னோடி. 1940களில் மறுசெயலாக்கத்துக்கென்றே கட்டிய, இருநூற்று நாற்பது மீட்டருக்கு மேல் நீண்ட கான்கிரீட் பெட்டி. புளூட்டோனியம் பிரிக்க அதைப் பயன்படுத்தவேயில்லை. 1952 முதல் 1958 வரை கழிவுத் தொட்டிகளிலிருந்து யுரேனியத்தை மீட்க மட்டும் ஓட்டினார்கள். 2005இல் எடுத்த முடிவுப்படி, மேல்தளத்தில் கிடந்த கருவிகளை அறைகளுக்குள் இறக்கி, பல ஆயிரம் கன மீட்டர் கிரவுட்டால் நிரப்பினார்கள். மேற்கட்டுமானத்தை அதன்மேலேயே சாய்த்து, மழைநீர் இறங்காத மண்மேடு போடுவது அடுத்த கட்டம்.

சுலபமாகத் தெரியும். ஆனால் நூறு கன மீட்டர் கிரவுட் உள்ளே போனால் நூறு கன மீட்டர் காற்று வெளியே வந்தாகவேண்டும். அந்தக் காற்று முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான். கிரவுட் இறுகும்போது சூடேறும், அதனால் ஒரே மூச்சில் ஊற்றாமல் அடுக்கடுக்காக ஊற்றவேண்டும். கலனுக்குள்ளும் குழாய்க்குள்ளும் புகாமல் குமிழி விட்டால் பின்னாளில் மேடு அமிழும். கிரவுட்டில் இருக்கும் நீர் நியூட்ரானை மெதுவாக்கும். உள்ளே புளூட்டோனியம் தங்கியிருந்தால் ஊற்றுவதற்கு முன்பே தொடர்வினைக் கணக்கு போட்டாகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைத் திருப்பிச் செய்ய முடியாது.

ஹேன்ஃபோர்டில் மழை குறைவு, நிலத்தடி நீர் ஆழத்தில், சுற்றியுள்ள நிலம் ஏற்கெனவே கழிவுப் புதைப்புக்கு ஒதுக்கியது. அந்த மூன்றும் இருக்கும் இடத்தில், அதுவும் நீண்ட ஆயுள் ஆல்ஃபா குறைந்த கட்டடத்துக்கு, இது ஒத்துக்கொள்ளக்கூடிய முடிவு. கடலோரத்தில், நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்தில் உள்ள ஆலைக்கு இதே வழியைச் சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான்.

திரும்பப் பயன்படுத்தினால்

மும்பையின் டிராம்பேயில் 1964இல் தொடங்கிய இந்தியாவின் முதல் மறுசெயலாக்க ஆலையைச் சுமார் பத்தாண்டு ஓட்டியபின் நிறுத்தி, வேதிக் கழுவலால் அறைகளுக்குள் ஆட்கள் நேரடியாக நுழையும் அளவுக்குக் கொண்டுவந்து, குழாய்களையும் கருவிகளையும் மாற்றி, 1983இல் மறுபடி ஓட்டினார்கள். ஆய்வு உலையின் குறைந்த எரிப்பு (டன்னுக்கு எடுத்த ஆற்றல் குறைவான) எரிபொருள் என்பதால் கழுவல் எடுபட்டது. ஆனாலும் கழுவல் வேதியியல் பலிக்கும் என்பதற்கு அது கையிலிருக்கும் சான்று. தோர்ப்பும் ஒருவகையில் இந்தப் பட்டியலில் வரும்: பிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் எரிபொருள் குளம் இன்னும் பல பத்தாண்டு சேமிப்புக்கு ஓடும். குளத்துக்கு வேண்டிய நீர், மின்சாரம், காற்றோட்டம் பக்கத்து அறைகளோடு பின்னிக் கிடந்தால், பிரிக்கும் அணி எந்தக் கம்பியை வெட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு நிற்கும். இந்த வழியை எடுப்பவர்கள் முதலில் இணைப்புகளைத் தனியாகப் பிரித்துக் கட்டிவிடவேண்டும்.

தோர்ப் இன்னொன்றையும் காட்டியது. 2005 ஏப்ரலில் அங்கே ஒரு அறையின் தரையில் 83 கன மீட்டர் கரைசல் கிடப்பது கேமராவில் தெரிந்தது. ஏறத்தாழ 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளூட்டோனியமும் அதில். எடைபோடுவதற்காகத் தொங்கவிட்ட கலன் அசைந்து அசைந்து, அதன் குழாய் உலோகச் சோர்வில் முறிந்திருக்கிறது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. அறைக்குத் துருவேறா எஃகு உள்ளுறை இருந்ததால் முழுவதையும் திரும்ப உறிஞ்ச முடிந்தது. வெறும் கான்கிரீட் தரையாக இருந்திருந்தால், அந்த அறையைப் பிரிப்பது பற்றிய பேச்சே வேறு. தரைக்கு எஃகுத் தகடு போட்ட அன்றே பிரிப்புச் செலவு பாதி முடிவாகிவிடுகிறது.

கல்பாக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால்

1998 முதல் ஓடும் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலை, ஆண்டுக்கு 100 டன் திறன், சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலை எரிபொருளைக் கையாள்வது. அதை மூடும் பேச்சு இப்போது இல்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் அதன் எண்கள் எங்கே விழுகின்றன என்று பார்க்கலாம்.

கனநீர் உலை எரிபொருளின் எரிப்பு டன்னுக்குச் சுமார் 7,000 மெகாவாட்-நாள். சாதாரண நீரைப் பயன்படுத்தும் மேலைநாட்டு இலகுநீர் உலைகளில் அது பல மடங்கு. எரிப்பு குறைவு என்றால் புளூட்டோனியம்-241இன் பங்கும் குறைவு, அமெரிசியம் தொல்லையும் அந்த அளவுக்கு மட்டு. ஆகவே பின்பகுதிக்கு, இலகுநீர் உலை எரிபொருளைக் கையாளும் பிரான்சின் லா ஹேக் ஆலையின் அவசரம் இல்லை. ஐந்தாறு ஆண்டு நிதானமாக முன்னேற்பாடு செய்ய இடமுண்டு, ஐம்பது ஆண்டு பூட்டி வைக்க இடமில்லை. வேக ஈனுலை எரிபொருளுக்காக அதே வளாகத்தில் வந்திருக்கும் ஆலைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே புளூட்டோனியத்தின் அடர்த்தியே வேறு கணக்கு. இடம் கடலோர மணல் என்பதால் கிரவுட் வழி பட்டியலிலிருந்தே விழுகிறது.

முன்பகுதி அறைகளைப் பொறுத்தவரை, நன்றாகக் கழுவி வடித்த பிறகு, மேனிபுலேட்டர் வேலை செய்யும் நிலையிலேயே இருக்கும்போது பிரிப்பதுதான் லாபம். முப்பது ஆண்டு கழித்து அந்த மேனிபுலேட்டருக்கு உதிரிபாகம் தேடுவது, சீசியம் பாதியாகக் குறைந்ததால் வரும் லாபத்தை விழுங்கிவிடும். உள்ளே ஆள் தேவையில்லாத, திரவமோ புளூட்டோனியமோ இல்லாத, எஃகு உள்ளுறை உள்ள அறைகளை மட்டும் வரிசையின் கடைசிக்குத் தள்ளலாம்.

கழுவலின்போது கவனிக்க அங்கே சொந்த அனுபவமே இருக்கிறது. 2003 ஜனவரி 21 அன்று அதன் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, உயர்நிலைக் கழிவு குறைந்த நிலைத் தொட்டிக்குள் போய்விட்டது. தெரியாமல் மாதிரி எடுத்துக் கையாண்டதில் 6 பேருக்கு வரம்புக்கு மேல் கதிர்வீச்சு. கழுவல் காலத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும், ஏனென்றால் வழக்கமில்லாத திரவம் வழக்கமில்லாத திசையில் ஓடும். எந்த வால்வும் கசியும் என்றே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொட்டிப் பகுதியிலும் கதிர்வீச்சு அளவி வைத்து, மாதிரிக் குப்பியை எடுக்கும் முன் அது என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கை வைக்கவேண்டும்.